பந்து கையில் படுமுன்

என் அண்ணன் தேவதாசனுக்கு ஒரு வியாதி இருக்கிறது. எந்த டாக்குத்தரும் இன்னும் பெயர் வைக்காத வியாதி. எனக்கு ஏதாவது வேண்டுமென்று அவருக்குத் தெரிந்தால் போதும், நான் கேட்பதற்கு முன்னமே ஓடிப்போய் எடுத்துவந்து என் கையில் திணித்துவிட்டு, "சந்தோசமோ?" என்று கேட்பார். பல்லுக்கொதி என்று வைத்தியரிடம் போனால், நான் வாயைத் திறக்க முன்னம் அண்ணை தன் வாயைத் திறந்து எந்தப் பல் என்று தொட்டுக் காட்டுவார். ஒருமுறை அந்த வைத்தியர் அண்ணையைத்தான் கதிரையில் சாய்க்கப் பார்த்தார். சிரிக்கிறீர்கள். முப்பத்தொன்பது வயது வரைக்கும் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், சிரிப்பு எங்கிருந்து வருகிறதென்று பார்ப்போம்.

குறை சொல்லவில்லை. மன்னாரிலிருந்து என்னைக் கனடாவுக்கு இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தவர் அவர்தான். மொன்ட்ரியால்-நோரில் தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை தந்தார். நான் வேலை தேடத் தொடங்கவே இல்லை, அதற்குள் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை பிடித்துத் தந்தார். வேலை முடியும் நேரம் கடைக்கு முன்னால் தன் வான் வண்டியை நிறுத்தி ஹோர்ன் அடிப்பவரும் அவர்தான். மெட்றோவில் தனியாக வந்தால் தங்கச்சி தொலைந்துபோய்விடுவாளாம். இப்படி எனக்கு முன்னால் ஓடியோடி எல்லாரையும் விலத்தி, என் முன்னால் ஒரு மனிதர் வந்து நிற்க இடமில்லாமல் பண்ணிவிட்டார். என் கோபம் அதுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அண்ணையின் மகன் றொக்சன் தன் கல்லூரியின் புட்போல் அணியில் சேர்ந்தான். மன்னார்ச் சனத்துக்கு உதைபந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். அண்ணை எங்கள் மாதா கோவிலில் பாதிரியார் சுவாமி தொடக்கம் மணி அடிக்கிறவர் வரை எல்லாருக்கும் சொல்லிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்களை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். போய்ப் பார்த்தால் பந்து முட்டை மாதிரி இருக்கிறது. ஒருவரும் காலால் அடிக்கவில்லை. தலையில் சட்டி கவிழ்த்த பெடியன்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிறார்கள்.

"எடேய், பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள், ஒருத்தரும் விசில் அடிக்கிறாங்களில்லை!" என்று அண்ணை எழும்பி நின்று கத்தினார்.

எங்களுக்கு முன் வாங்கில் இருந்த ஒருவர் திரும்பினார். காதோரம் நரைத்திருந்தது. "அண்ணை, இது எங்கடை புட்போல் இல்லை. அமெரிக்கன் மாதிரி. இதிலை கையாலைதான்," என்று சொன்னார். சொல்லிவிட்டு, தானே ஏதோ பிழை செய்தவர் போல முன்னுக்குத் திரும்பிக்கொண்டார்.

அவர்தான் கிருபானந்தன். யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். ரொக்ஸ்பரோவில் தன் தங்கச்சி யோகராணி வீட்டில் மேல்மாடியில் இருந்தார். கந்தோர்களில் போட்டோக்கொப்பி மெசின் திருத்துவது வேலை. தங்கச்சிமாரை ஒவ்வொருவராகக் கரை சேர்த்த அவசரத்தில் தன்னை மறந்துபோன சாதி. யோகராணியின் மகன் சாரங்கன் எங்கள் றொக்சனோடு அதே அணியில் விளையாடினான். அவன் மெலிந்தவன், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். எங்களுடையவன் மாடு மாதிரி. முன்வரிசையில் நின்று, பந்தை எறிகிறவனுக்கு ஒருவரும் கிட்ட வராமல் மறிப்பது அவன் வேலை. ஆட்டம் முழுக்க அவன் கை பந்தில் படாது. தகப்பனுக்கு அது பெரிய கவலை.

இரண்டாம் ஞாயிறு அண்ணையின் மனைவி, எங்கள் மச்சாள் அக்னெஸ் றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். நான் ஒன்றை எடுத்துக் கிருபானந்தனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னையும் றோல்ஸையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்," என்றார்.

என் நெஞ்சு ஒருமுறை நின்று பிறகு அடித்தது. ஏனென்று அப்போது எனக்கே தெரியவில்லை. "கேளுங்கோ," என்றேன்.

"உதுக்குள்ளை மாட்டிறைச்சியோ?"

"மீன்," என்றேன்.

"அப்ப தாருங்கோ," என்று வாங்கிக்கொண்டார்.

சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். என்னிடம் ஒருவர் ஒன்று கேட்டு, கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எத்தனை காலத்துக்குப் பிறகு? எனக்குக் கிடைத்தவையெல்லாம் கேட்காமலே கிடைத்தவை. தலைவிதி அப்படி. நல்ல மனம் கொண்ட அண்ணன் இருந்தால் தங்கச்சிக்கு வாய் எதற்கு?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்பார். "ஒண்டு கேக்கவேணும்" என்று தொடங்கும்போது குரல் ஒரு படி இறங்கும், கை சட்டைப் பொத்தானுக்குப் போகும். எனக்குக் காது சுடும். பார்த்தால், "சந்தையிலை முருங்கைக்காய் வந்திட்டுதோ?" இன்னொரு ஞாயிறு, "உந்தச் சப்பாத்து இந்தக் குளிருக்குக் காணுமோ?" அட கோதாரி, சப்பாத்தைப் பற்றிக் கேட்கவா மனுசன் இவ்வளவு மூச்சு எடுத்தது!

ஆனால் எனக்குத் தெரியும். அவர் கேட்க நினைத்தது முருங்கைக்காயும் இல்லை, சப்பாத்தும் இல்லை. எனக்கும் அதே ஆசைதான். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? "என்னைக் கட்ட உமக்கு விருப்பமோ?" என்று அவர் வாயால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நான் என்ன சொல்வேனோ என்று தெரியாமல் அவர் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிசம் எனக்கு வேண்டும். கலியாணம் கூட அதற்குப் பிறகுதான். கிழமை முழுக்கச் சந்தையில் முட்டைக்கோவா அடுக்கும்போதும் கீரை கட்டும்போதும் அந்த நிமிசத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி மிசேல், "றெஜினா, நீ கோவாவோடு கதைக்கிறாயா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். எங்கள் பக்கம் பின்தங்கியிருந்தது. எறிகிறவன் பந்தைத் தூக்கி எறிந்தான். அது மேலே போய்க்கொண்டிருக்கிறது, கீழே சாரங்கன் தலைதெறிக்க ஓடுகிறான், அவனுக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கத்துப் பெடியன் ஒருவன் ஒட்டிக்கொண்டு ஓடுகிறான். அப்போது எங்கள் றொக்சன், எறிகிறவனுக்கு முன்னால் நின்று மறிக்க வேண்டியவன், தன் இடத்தை விட்டுப் புறப்பட்டுப் பஸ் மாதிரி வந்து அந்தப் பெடியனை ஒரு இடி இடித்தான். அவன் உருண்டான். சாரங்கன் தனியே நின்று பந்தைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோடு வரை ஓடினான்.

அண்ணை துள்ளினார் பாருங்கள்! பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்து, "என்ரை மகன்! என்ரை மகன் மறிச்சவன்!" என்று தமிழிலேயே சொன்னார். அந்த மனுசரும் விளங்கியவர் போலத் தலையாட்டினார். அதற்குள் நடுவர் நிலத்தில் ஒரு செம்மஞ்சள் துணியை எறிந்துவிட்டு நின்றார். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பலகையில் ஏறின புள்ளி இறங்கிவிட்டது.

"இதென்ன அநியாயம்!" அண்ணை கம்பி வேலி வரைக்கும் ஓடி நடுவரைக் கூப்பிட்டார். "மிஸ்யூ! மிஸ்யூ! பந்து பிடிச்சதுதானே! கண் தெரியாதே உனக்கு?"

மச்சாள் அவருடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கிருபானந்தனைக் கேட்டேன், "ஏன், என்ன பிழை?"

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பி இருந்துகொண்டார். "பந்து எறிஞ்சு ஆகாயத்திலை போகேக்கை, முன்வரிசைப் பெடியன் கோட்டைத் தாண்டி முன்னுக்குப் போய் ஒருத்தரையும் மறிக்கப்படாது. ஒரு யார் தூரம் போகலாம், அதுக்கு மேலை இல்லை. பந்து பிடிக்கிறவன்ரை கையிலை படவேணும். பட்டாப்பிறகு எவ்வளவும் மறிக்கலாம். படமுன்னம் மறிச்சால் பிழை."

"தன்ரை ஆளுக்குத்தானே உதவி செய்தவன்?"

"உதவிதான். அதுதான் பிழை."

"சாரங்கன் பிடிச்சது பிடிச்சதுதானே?"

"பிடிச்சது சரி, ஆனால் செல்லாது." அவர் கொஞ்சம் யோசித்தார். "அவன் தன்ரை பாட்டிலை பிடிச்சிருப்பானோ, இவன் விழுத்தினபடியாலை பிடிச்சானோ, அது இனி ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததுக்குப் புள்ளி குடுக்கேலாது, கண்டியளோ. பத்து யார் தூரம் பின்னுக்குத் தள்ளிப்போட்டுத் திரும்ப விளையாட விடுவினம்."

நான் வேலியடியில் நின்று கத்திக்கொண்டிருந்த அண்ணையைப் பார்த்தேன். மைதானத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற மருமகனைப் பார்த்தேன். தகப்பனை உரித்துப் படைத்த பிள்ளை. இரண்டு பேருக்கும் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, அதுதான் தொல்லை.

"றெஜினா," என்றார் அவர். பெயர் சொல்லி அதுவரை கூப்பிட்டதில்லை. "ஒண்டு கேக்கவேணும்."

இந்த முறை கை பொத்தானுக்குப் போகவில்லை. இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன. முகம் வெளிறியிருந்தது. என்ரை அந்தோனியாரே, இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மூச்சுக்கூட விடவில்லை.

"தம்பி கிருபா! இந்தாரும், சாப்பிடும்!" அண்ணை வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் றோல்ஸ் பெட்டி வந்தது. "அவங்கள் கள்ளர், விடும். நீர் ஏன் முகம் வாடி இருக்கிறீர்? சாப்பிடும், சாப்பிடும்!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அவர் றோல்ஸை எடுத்துக்கொண்டு முன்னுக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும்போது அண்ணை வானில் ஒரு சொல் பேசவில்லை. எனக்குப் பயம் வந்தது. அண்ணை கத்தினால் ஒன்றுமில்லை, அண்ணை பேசாமல் இருந்தால்தான் ஏதோ நடக்கப்போகிறது. அவர் கண்டுவிட்டார். என் முகத்தைக் கண்டாரோ கிருபானந்தன் முகத்தைக் கண்டாரோ தெரியாது.

வியாழக்கிழமை நேரத்தோடு வந்து ஹோர்ன் அடித்தார். நான் ஏறியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். பின் சீற்றில் வெறும் கேக் பெட்டி மூடி ஒன்று கிடந்தது.

"எல்லாம் முடிச்சாச்சு," என்றார்.

"என்ன முடிச்சாச்சு?"

"ரொக்ஸ்பரோவுக்குப் போட்டு வாறன். கேக்கும் வாழைப்பழச் சீப்பும் வாங்கிக்கொண்டு போனனான், வெறுங்கையோடை போகேலாதுதானே. மனுசன் ஏன் இழுபடுறார் எண்டு யோசிச்சன். சமயந்தான் தடை. நாங்கள் வேதக்காரர், அவை சைவம். சரி, அதை நான் விலத்திவிடுவம் எண்டு முதல்லை சுவாமியிட்டைப் போய்க் கேட்டன். அனுமதி எடுக்கலாமாம். பேந்து யோகராணி தங்கச்சியோடை கதைச்சன். அவவுக்கும் சம்மதம். கோவிலிலை தாலி கட்டுறது, பேந்து அவையின்ரை முறைக்கும் ஒரு சின்னச் சடங்கு. தை மாசம். மண்டபமும் கேட்டுப்போட்டன்."

"அவர் எங்கை இருந்தவர்?"

"அங்கைதான், கதிரையிலை. அவரைத்தானே எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தம். யோகராணி அழுதிட்டா, தன்ரை அண்ணனுக்கு ஒரு வாழ்வு எண்டு. நான், 'என்ன தம்பி சொல்லுறீர்?' எண்டன். ஓம் எண்டிட்டார்!"

"ஆருக்கு?"

"என்ன ஆருக்கு?"

"ஆருக்கு ஓம் எண்டவர், அண்ணை? உங்களுக்கோ, எனக்கோ?"

அவர் வானை ஓரமாக நிறுத்தினார். நான் கத்தினேன். அந்தத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "என்னட்டைக் கேக்க வந்த மனுசனை நீங்கள் ஏன் பிடிச்சுப் பதில் சொல்ல வைச்சனீங்கள்? உங்களுக்கு என்ன விசரே? ஒரு கிழமை பொறுக்கேலாமல் போச்சே?" அழுகையும் வந்துவிட்டது. அழுதால் என் பேச்சுக்கு மரியாதை இல்லாமல் போகும் என்று எனக்கு இன்னும் கோபம்.

அண்ணை ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். "நான் உனக்குக் கெட்டது நினைப்பனே, பிள்ளை?" என்றார். நினைக்கமாட்டார். ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டில் மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாம் கேட்டுவிட்டு அண்ணைக்குச் சொன்னாள்: "ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுக்கேலாதே? வாய் வெந்து போச்சு இப்ப." அன்றைக்கு அண்ணை சாப்பிடவில்லை.

ஞாயிறு கடைசி ஆட்டம். நான் அண்ணையை வானிலேயே இருக்கச் சொன்னேன். இருந்தார். கிருபானந்தன் வேலியடியில் புதுச் சேட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மாப்பிள்ளை மாதிரி நின்றார். பார்க்க எனக்கு நெஞ்சு உருகியது. போய்க் கையைப் பிடித்துக்கொண்டு "சரி, வாங்கோ" என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

"அண்ணை எல்லாம் கதைச்சவர்தானே?" என்றார் மெல்ல. "எனக்குச் சம்மதம்."

"நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றேன். இந்த முறை நான்.

"கேளுங்கோ."

"அண்ணை கேக்கோடை வந்திருக்காட்டி, நீங்கள் என்னட்டைக் கேட்டிருப்பீங்களோ?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். வேறு ஒருவர் என்றால் "ஓம், கேக்கத்தானே இருந்தனான்" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார், நானும் நம்பியிருப்பேன். அவர் மைதானத்தைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார். "அண்டைக்குக் கேக்கத்தான் வெளிக்கிட்டனான். கேட்டு முடிச்சிருப்பனோ எண்டு தெரியாது."

அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர் மேல் ஆசை இன்னும் கூடியது. அதற்காகவே அவரை விடவும் வேண்டியிருந்தது. என்ன கொடுமை பாருங்கள்.

"அப்ப அண்ணையிட்டைச் சொன்ன ஓமைத் திருப்பி எடுங்கோ," என்றேன். "தை மாசமும் இல்லை, மண்டபமும் இல்லை. உங்கடை தங்கச்சிக்கு நானே சொல்லுறன். ஒருத்தரும் உங்களிட்டை ஒண்டும் கேக்க மாட்டினம்."

"பேந்து?"

"பேந்து உங்கடை விருப்பம். கேக்கவேணும் எண்டு இருந்தால் வந்து கேளுங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

அவர் சாரங்கனின் ஆட்டம் தொடங்க முன்னமே வேலியோரமாக நடந்து போய்விட்டார். நான் வாங்கில் இருந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தேன். யார் வென்றார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த வின்ரர் எப்படிப் போனது என்று நான் சொல்லவா? மார்கழியில் சந்தையின் திறந்த பக்கமெல்லாம் பலகை அடித்து மூடிவிடுவார்கள். உள்ளே ஒதுக்குப்புறமாக எங்கள் கடை. கதவு திறந்தால் குளிர்க்காற்று வரும், கூடவே ஆள் வரும். ஒவ்வொருமுறை காற்று வரும்போதும் நிமிர்ந்து பார்ப்பேன். உருளைக்கிழங்கு வாங்க வந்த கிழவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாங்கள் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள். தை மாதம் வந்தது. அந்த மாதத்தில் நான் கலியாணப் பெண்ணாக இருந்திருப்பேன் என்று நினைத்து, ஒருநாள் வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போடவும் வசதியாக இருந்தது.

தொலைபேசி நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்து நாலு எண் அழுத்துவேன், வைத்துவிடுவேன். "ஏனடி விசரி, கையிலை வந்த மனுசனைத் திருப்பி அனுப்பினனீ" என்று என்னை நானே ஏசுவேன். மற்ற நாள், "வந்தது அவரில்லை, அண்ணை கொண்டுவந்தது" என்று எனக்கு நானே பதில் சொல்வேன். இரண்டும் உண்மைதான். இரவில் படுத்தால் அவர் குரல் ஒரு படி இறங்குவது காதில் கேட்கும். அதற்குப் பிறகு வரவேண்டிய சொற்கள் வராது.

அண்ணை மெலிந்துவிட்டார். "நான் ஒருக்கால் போய்..." என்று தொடங்குவார். "போனால் நான் வீட்டை விட்டு வெளிக்கிடுவன்," என்பேன். வாயை மூடிக்கொள்வார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் றொக்சன் தகப்பனைப் பார்த்துச் சொன்னான்: "பப்பா, மறிக்கிறது ஈசி. மறிக்காமல் நிக்கிறதுதான் கஷ்டம். கால் தன்ரை பாட்டிலை ஓடும்." அண்ணை பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு எழும்பிப் போனார்.

சித்திரை வந்தது. பனி உருகி, சந்தையில் பலகைகளைக் கழற்றி, நாற்றுத் தட்டுகளை வெளியே அடுக்கத் தொடங்கினோம். ஒரு பின்னேரம் வேலை முடிகிற நேரம். அண்ணையின் வான் வழக்கம்போலக் கடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. நான் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"றெஜினா."

நிமிர்ந்தேன். வேலைச் சட்டையோடு நின்றார். கையில் மசி அப்பியிருந்தது. தலை வாரவில்லை. ரொக்ஸ்பரோவுக்கு றெயில் ஏறப் போகிறவர், அதை விட்டுவிட்டு மெட்றோவில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். ஒருவரும் அனுப்பவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஒண்டு கேக்கவேணும்," என்றார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் "ஓம்" வந்துவிட்டது. அண்ணையின் இரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது! பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இத்தாலிக்காரி வந்து துளசி நாற்று இருக்கிறதா என்று கேட்டாள். கையால் காட்டினேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, நாற்றை எடுக்காமலே நல்லபிள்ளையாகத் தள்ளிப் போனாள்.

"அண்டைக்குத் தெரியாது எண்டு சொன்னனான்," என்றார். "வின்ரர் முழுக்க அதைத்தான் யோசிச்சன். நான் ஆரிட்டையும் எனக்கெண்டு ஒண்டும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயம். இப்பவும் பயந்தான்." மசிக் கையைச் சட்டையில் துடைத்தார். "நீர் இல்லை எண்டாலும் பரவாயில்லை, கேட்டிட்டுத்தான் போறது எண்டு வந்தனான்." ஒரு மூச்சு எடுத்தார். "என்னைக் கட்ட உமக்கு விருப்பமோ?"

கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று தெரியாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தையின் அத்தனை சத்தமும் எங்கோ போய்விட்டது.

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை!"

வான் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாதி உடம்பு வெளியே தொங்க, என் அண்ணன். பாவம், ஒரு வின்ரர் முழுக்க அடக்கி வைத்திருந்த மனுசன். கத்தின பிறகுதான் தான் என்ன செய்தார் என்று விளங்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கிருபானந்தன் என்னைப் பார்த்தார். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அண்ணையின்ரை சத்தத்திலை நீங்கள் கேட்டது எனக்கு விளங்கேல்லை," என்றேன்.

அது பொய். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, அவர் இடையில் எடுத்த மூச்சுக்கூட விளங்கியது. ஆனால் அதைக் கேட்கவென்று எவ்வளவு காலம் காத்திருந்தேன்! ஒருமுறை கேட்டு எனக்கு எப்படிப் போதும்?

"இன்னொருக்காக் கேளுங்கோ," என்றேன்.